முள் சரியாகத்தான் நின்றது

மேல்வீட்டு பிரிகிட்டா ஒரு செவ்வாய்க்கிழமை மாலை என் வீட்டு மணியை அடித்தார். மால்மோவில் இது சாதாரண விஷயம் இல்லை. இந்த ஸ்வீடன் தேசத்தில் ஒருவர் வீட்டுக்கு இன்னொருவர் போவதென்றால் இரண்டு வாரம் முன்பே நாள் குறிக்க வேண்டும். சொல்லாமல் மணி அடித்தால் ஒன்று குழாய் உடைந்திருக்கும், இல்லையென்றால் யாருக்கோ உடம்பு சரியில்லாமல் இருக்கும். பதறிக்கொண்டு கதவைத் திறந்தேன். எழுபது வயதைத் தாண்டிய அந்த அம்மாள் கம்பளிக் காலுறையோடு நின்று, "என் சமையலறை ரேடியோ உங்களுக்குத் தொந்தரவாக இருக்கிறதா?" என்று கேட்டார். காது கொஞ்சம் மந்தமாகிவிட்டது என்று டாக்டர் சொன்னாராம். தன்னை அறியாமல் சத்தமாக வைத்துவிடுகிறோமோ என்று கவலை. நான் மனதில் இருந்ததைச் சொன்னேன். "இல்லவே இல்லை. இன்னும் கொஞ்சம் சத்தமாக வையுங்கள். செய்தியில் பாதிதான் கீழே கேட்கிறது." அவர் முகம் சிவந்துவிட்டது. இரண்டு முறை மன்னிப்புக் கேட்டுவிட்டுப் படியேறிப் போனார். மறுநாளிலிருந்து மேலே ஒரு சத்தமும் இல்லை.

அலுவலகத்தில் ஃபிகா நேரத்தில் இதைச் சொன்னேன். ஃபிகா என்பது இவர்கள் காப்பியையும் இனிப்பு ரொட்டியையும் வைத்துக்கொண்டு கதை பேசும் கால் மணி நேரம். பக்கத்து மேசைக்காரர் சிரித்து மாளவில்லை. "நீ குத்திக்காட்டுகிறாய் என்று நினைத்திருப்பார்" என்றார். நான் எங்கே குத்தினேன், ஆசையாகக் கேட்டேன். பக்கத்து வீட்டு ரேடியோ நமக்கும் சேர்த்துத்தான் பாடுகிறது என்று நம்பி வளர்ந்தவள் நான். சமாதானம் செய்ய ஒரு தட்டு முறுக்கோடு மாடியேறினேன். சண்டை போட்டவள் இறங்கி வந்துவிட்டாள் என்று எடுத்துக்கொண்டு, பதிலுக்கு அவர் ஒரு பாட்டில் ஜாம் கொடுத்து அனுப்பினார். ரேடியோ மட்டும் திரும்ப வரவில்லை.

நான் வளர்ந்தது ஆவடியில், ராணுவத் தளவாடத் தொழிற்சாலையின் குடியிருப்பில். வரிசை வரிசையாக ஒரே மாதிரி வீடுகள், எல்லாவற்றுக்கும் ஒரே மஞ்சள் சுண்ணாம்பு. திருநெல்வேலி, சேலம், தஞ்சாவூர் என்று எல்லா ஊர்ப் பேச்சும் குழாயடியில் குடத்தோடு வரிசையில் நிற்கும். அத்தனை வெளியூர்க்காரர்களுக்கு நடுவில் எங்கள் நைனாதான் உள்ளூர்க்காரர். திருவேற்காட்டில் பிறந்தவர். அப்பாவை நாங்கள் நைனா என்றுதான் கூப்பிடுவோம். அவர் வாயைத் திறந்து 'இன்னா கீது' என்றாலே குழாயடியில் யாராவது சிரிப்பார்கள். தொழிற்சாலையில் அவர் ஃபிட்டர். வேலையில் தலைமுடி கனம்கூடப் பிசகக் கூடாது என்பது அவருடைய ஒரே பெருமை. பள்ளிக்கூடத்துக்குப் போகும்போது என் தலையில் வகிடு கோணியிருந்தால்கூட நிறுத்தி, "இன்னாமே இது, ஒரு பக்கமா இஸ்துகினு கீது" என்று சீப்பை வாங்கிக்கொள்வார்.

எங்கள் வீட்டு ரேடியோ வடக்கே மாற்றலாகிப் போன ஒரு அதிகாரி விட்டுச் சென்றது. மரப்பெட்டி, முன்னால் துணி, உள்ளே வால்வுகள். போட்டவுடன் பாடிவிடாது. சூடேறி, பச்சை விளக்கு மெல்ல விரிந்து, தொண்டையைச் செருமிக்கொண்டு பிறகுதான் பேசும். காலையில் அது அம்மாவுடையது. ஷார்ட் வேவ் என்னும் சிற்றலையில் கொழும்பிலிருந்து வரும் தமிழ்ப் பாட்டுகளைக் கேட்டுக்கொண்டே சட்னி அரைப்பார். மாலையில் அது நைனாவுடையது. அதே சிற்றலையில் தூர தேசங்கள் பக்கம் திருப்பிவிட்டு, கண்ணை மூடி, குமிழை அவர் நகர்த்துவதைப் பார்க்க வேண்டும். விசில், கொதிக்கிற மாதிரி இரைச்சல், யாரோ அழுவது மாதிரி ஒரு பாட்டு, புரியாத மொழியில் ஒருவர் கணக்குப் பாடம் எடுப்பது போலப் பேச்சு, திடீரென்று ஒரு மணியோசை. நைனா எட்டாவது முடித்துத் தொழில் படித்தவர். ஆங்கிலம் பாதிதான் புரியும். ஆனால் ஒரு நிலையம் மாட்டிவிட்டால், "பாப்பா, ஓடியா, ஓடியா! எந்த ஊருன்னு கேளு" என்று கத்துவார். நான் அடுப்படியிலிருந்து நோட்டோடு ஓடுவேன்.

நோட்டு எதற்கு என்று இன்றைய பிள்ளைகள் கேட்பார்கள். அந்தக் காலத்தில் சிற்றலை கேட்பவர்களிடையே ஒரு வழக்கம் இருந்தது. இன்ன தேதி, இன்ன நேரம், உங்கள் நிலையத்தை இன்ன ஊரில் இருந்து கேட்டேன், இன்னின்ன நிகழ்ச்சி வந்தது, சத்தத்துக்கு ஐந்துக்கு இவ்வளவு மதிப்பெண், இரைச்சலுக்கு இவ்வளவு என்று எழுதி அனுப்ப வேண்டும். அவர்கள் தங்கள் பதிவோடு ஒப்பிட்டுப் பார்ப்பார்கள். பொருந்தினால், ஆமாம், நீங்கள் கேட்டது எங்களைத்தான் என்று ஓர் அழகான அட்டை அனுப்புவார்கள். அந்த அட்டைக்காகத்தான் எல்லாம். நைனா கேட்பார், நான் ஆங்கிலத்தில் எழுதுவேன், கீழே அவர் கையெழுத்துப் போடுவார். பனி மூடிய துறைமுகம், சிவப்பு மரவீடு, உயரமான கோபுரம் என்று வந்த அட்டைகளை எல்லாம் பீரோக் கதவின் உள்பக்கம் ஒட்டி வைத்திருந்தார். தபால்காரர் சைக்கிளை நிறுத்தாமலே, "இன்னா அண்ணாத்தே, ஊரே மணியார்டருக்கு நிக்குது, உனுக்கு மட்டும் சீமையிலேர்ந்து லெட்டரு வந்துகினே கீது!" என்பார். அன்று முழுக்க நைனா சட்டைப் பையில் அட்டையை வைத்துக்கொண்டு திரிவார்.

நைனாவுக்கு ரொம்பப் பிடித்தது ஸ்வீடனிலிருந்து வரும் ஆங்கில ஒலிபரப்பு. எங்களுக்கு மாலை ஏழரைக்கு அரை மணி நேரம் வரும். அவருக்கு இரண்டாவது ஷிப்ட் வரும் வாரங்களில் அந்த நேரம் தொழிற்சாலையில் இருப்பார். அந்த வாரங்களில் அவருக்குப் பதிலாக நான் உட்கார்ந்து கேட்டுக் குறித்து வைக்க வேண்டும். பன்னிரண்டு வயதில் அது எனக்குப் பெரிய பதவி. முதலில் மகிழ்ச்சியாகத்தான் செய்தேன்.

அப்போதுதான் ஃபோர்மேன் வீட்டில் டெலிவிஷன் வந்தது. எங்கள் வரிசையில் முதல் பெட்டி. இழுத்து மூட மரக்கதவு, திரைக்கு முன்னால் ஒரு நீலக் கண்ணாடி, பெட்டிக்கு மேல் பூத்தையல் போட்ட உறை. கூரைமேல் மீன் முள்ளு மாதிரி ஆன்டெனா. தொழிற்சாலைக்குப் பின்னால் புதுவண்டிகளைச் சோதனை ஓட்டம் விட்டால் படத்தில் கோடு கோடாக ஓடும். வெயில் காலத்தில் சில சாயங்காலம் கடல் தாண்டி இலங்கைப் படம்கூடப் பனிமூட்டமாக வந்து எட்டிப் பார்க்கும். ஃபோர்மேன் மனைவி திருநெல்வேலிக்காரர். வாசலில் தண்ணீர் வாளியோடு நின்று, "ஏட்டி, காலக் கழுவிட்டு உள்ள போ. முன்னாடி இருக்கவங்க தலையக் குனிங்கட்டி, பொறத்தால இருக்க புள்ளைக்கி மறைக்கில்லா" என்று எங்களை வரிசையாக உட்கார வைப்பார். வெள்ளிக்கிழமை மாலை சினிமாப் பாட்டு போடுவார்கள். ஊரே அந்த அரை மணி நேரத்துக்காக வாரம் முழுக்கக் காத்திருக்கும். அதுவும் ஏழரை மணிக்குத்தான்.

ஒரு வெள்ளிக்கிழமை. நைனாவுக்கு இரண்டாவது ஷிப்ட். அந்த வாரத்தில்தான் ரேடியோவில் நிலையத்தைக் காட்டும் முள் ஓடும் நூல் அறுந்து, அவரே ஒரு தூண்டில் நரம்பை வாங்கி வந்து, பெட்டியைக் கழற்றி, மூன்று நாள் உட்கார்ந்து புதிதாகக் கட்டியிருந்தார். நூல் ஒரு மயிரிழை தளர்ந்தாலும் முள் வேறு இடத்தில் நிற்கும். கண்ணாடிக்கு அடியில் காகிதத் துண்டு ஒட்டி, ஒவ்வொரு நிலையத்துக்கும் பென்சிலால் கோடு போட்டு வைத்தார். ஸ்வீடன் கோட்டில் மட்டும் அவர் இன்னும் கேட்டுப் பார்க்கவில்லை. ஷிப்டுக்குக் கிளம்பும்போது, "பாப்பா, இன்னிக்கி நீ கேட்டு சொல்றதுலதான் கீது. முள்ளு கோட்டு மேல நிக்கச்சொல்ல ஸ்வீடன் வருதான்னு பாரு" என்றார்.

ஏழு இருபதுக்கு நான் ஃபோர்மேன் வீட்டு வாசலில் கால் கழுவிக்கொண்டிருந்தேன். வெள்ளிக்கிழமை என்று கோயிலுக்குக் கிளம்பிக்கொண்டிருந்த அம்மா கேட்டபோது, கணக்கு நோட்டு வாங்கப் போகிறேன் என்றேன். அன்றைக்கு என்ன பாட்டு போட்டார்கள் என்றுகூட இப்போது நினைவில்லை. மறுநாள் காலை நைனா முகத்தில் சோப்போடு கண்ணாடி முன்னால் நின்றபடி, "இன்னாமா, வந்துச்சா?" என்றார். நல்லா வந்துச்சு நைனா என்றேன். "கோட்டு மேலயா?" கோட்டு மேலதான் என்றேன். சவரக் கத்தியை அப்படியே வைத்துவிட்டுச் சிரித்தார். "பாத்தியா, நான் கட்ன முள்ளு!" என்று அம்மாவைக் கூப்பிட்டுச் சொன்னார். அந்தச் சிரிப்புக்குப் பிறகு எப்படி உண்மையைச் சொல்வது? பழைய வெள்ளிக்கிழமைகளை நினைத்துக்கொண்டு ஓர் அறிக்கை எழுதினேன். செய்தி, மீனவர்களைப் பற்றி ஒரு பேச்சு, பெண்கள் சேர்ந்து பாடும் ஒரு பாட்டு. யாரும் பிடிக்க முடியாதபடி பொத்தாம்பொதுவாக எழுதியதில் எனக்கு உள்ளுக்குள் கொஞ்சம் கர்வம்கூட இருந்தது. சத்தத்துக்கு ஐந்துக்கு நான்கு போட்டேன். நைனா கையெழுத்துப் போட்டார்.

அடுத்தடுத்த வாரங்களில் நைனாவே கேட்டபோதும் ஸ்வீடன் கோட்டின் மேலேயே வந்தது. இரண்டு மாதம் கழித்துப் பதில் வந்தது. அட்டை இல்லை. தட்டச்சு செய்த ஒரு கடிதம். உங்கள் அக்கறைக்கு நன்றி, ஆனால் நீங்கள் குறிப்பிடும் அன்று புயலில் மின்சாரம் போய் அந்த ஒலிபரப்பே நடக்கவில்லை, வேறு ஏதாவது நிலையத்தைக் கேட்டிருப்பீர்கள், தயவுசெய்து சரிபார்க்கவும் என்று பண்பாக எழுதியிருந்தார்கள். நைனா என்னைப் படிக்கச் சொல்லிக் கேட்டார். பிறகு தானே அகராதியை வைத்துக்கொண்டு ஒருமுறை படித்தார். நான் சுவரோடு சுவராக நின்றேன். அவர் என்னைச் சந்தேகப்படுவார் என்று காத்திருந்தேன். அவருக்கு அது தோன்றவே இல்லை. ரேடியோ பக்கம் திரும்பி, "அப்போ அன்னிக்கி முள்ளு தள்ளி நின்னுகினு கீது, நூலு நழுவுது. நான்தான் தப்பா கட்டிட்டேன்" என்றார்.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை பெட்டியைத் திறந்தார். நூலை இறுக்கிப் பார்த்தார், தளர்த்திப் பார்த்தார். எப்படிப் பார்த்தாலும் சரியாக இருந்தது, இருக்காமல் என்ன செய்யும். அதனால் கோளாறு இன்னும் உள்ளே இருக்கிறது என்று முடிவு செய்துவிட்டார். கம்பிச் சுருளுக்குள் சின்னச் சின்னத் திருகுகள் இருக்கும், நிலையம் எந்த இடத்தில் வர வேண்டும் என்பதை அவைதான் தீர்மானிக்கும். ஒன்றைத் திருகினார், இன்னொன்றைத் திருகினார். மூன்றாவது திருகு உள்ளேயே விரிசல் விட்டு நொறுங்கியது. அன்றோடு எங்கள் ரேடியோவில் சிற்றலை செத்தது. கொழும்பும் போயிற்று, உலகமும் போயிற்று. சென்னை நிலையம் மட்டும் மத்திய அலையில் பாடிக்கொண்டிருந்தது. நான் பக்கத்தில்தான் டார்ச் பிடித்துக்கொண்டு நின்றேன். வேண்டாம் நைனா, அது சரியாகத்தான் இருக்கிறது என்று சொல்ல ஒரு நொடி போதும். டார்ச்சை இன்னும் கிட்டத்தில் பிடித்தேன்.

அதோடும் முடியவில்லை. அவர்களுக்குப் பதில் எழுத வேண்டும் என்றார். "எழுதிக்கோ. தப்பு எங்க ஊட்டு ரேடியோ மேலதான். முள்ள கட்னது நானு. எனுக்கு கட்டத் தெரியல. என் பொண்ணு கேட்டத கேட்ட மாதிரிதான் எழுதிச்சு. அது மேல தப்பு இல்ல." அதை என் கையாலேயே ஆங்கிலமாக்கி எழுதினேன். அவர் ஒவ்வோர் எழுத்தாக நிறுத்திக் கையெழுத்துப் போட்டார். பதில் வரவில்லை. அந்த வருடம் முடிவதற்குள் எங்கள் வீட்டிலும் டெலிவிஷன் வந்தது. ரேடியோ பரணுக்குப் போயிற்று. நைனா டெலிவிஷன் முன்னால் உட்கார்ந்து பார்த்தது குறைவு. படம் தெரியாவிட்டால் கூரையேறி ஆன்டெனாவைத் திருப்பி, "தெரியுதா? இப்போ தெரியுதா?" என்று கேட்பதோடு சரி. நாங்கள் கீழேயிருந்து தெரியுது, தெரியுது என்று கத்துவோம். அவர் இறங்கி வருவதற்குள் ஆளுக்கொரு இடம் பிடித்து உட்கார்ந்திருப்போம்.

நாற்பது வருடம் ஓடிவிட்டது. நான் மென்பொருளில் பிழை கண்டுபிடித்து அறிக்கை எழுதும் வேலைக்கு வந்தேன். கடவுளுக்கும் நகைச்சுவை உணர்ச்சி உண்டு. வேலை என்னை எங்கெங்கோ இழுத்து, பதினான்கு ஆண்டுகளுக்கு முன் இந்த ஸ்வீடனில் கொண்டுவந்து போட்டது. செய்தியைச் சொன்னபோது நைனா கேட்ட முதல் கேள்வி, "அந்த அட்டை வந்த ஊரா?" என்பதுதான். அவர் இப்போது பட்டாபிராமில் தம்பி வீட்டில் இருக்கிறார். அம்மா இல்லை. ஞாயிற்றுக்கிழமைதோறும் வீடியோவில் பேசுவோம். வீடியோ என்று பேர்தான். அவர் போனைக் காதோடு ஒட்டிக்கொள்வதால் எனக்குத் தெரிவது நரைமுடி வளர்ந்த ஒரு காது மட்டும். அந்தக் காதைப் பார்த்துக்கொண்டேதான் வாரவாரம் சாப்பிட்டாயா, மாத்திரை போட்டாயா என்று கேட்கிறேன்.

பிரிகிட்டா கதையைச் சென்ற மாதம் அவரிடம் சொன்னேன். விழுந்து விழுந்து சிரித்தார். "சவுண்டு ஜாஸ்தி வைன்னு கேட்டதுக்கு ஆஃப் பண்ட்டாங்களா? நல்ல ஊரும்மா அது" என்றார். சிரித்து முடித்து, பேச்சோடு பேச்சாக, "தம்பி பரணெல்லாம் காலி பண்றான். நம்ம ரேடியோவ பழைய சாமான்காரனுக்குப் போட்றலாம்னு கீறேன். வச்சிகினு இன்னா பண்ண? நல்லா பாடிகினு இருந்தத நான்தான் கெடுத்தேன். ஒரு முள்ள ஒயுங்கா கட்டத் தெரியல, நானும் ஒரு ஃபிட்டர்னு முப்பத்தஞ்சு வருஷம் சம்பளம் வாங்கிட்டேன்" என்றார். விளையாட்டாகத்தான் சொன்னார். ஆனால் இத்தனை வருடமாக அது அவருக்குள் கிடந்திருக்கிறது என்று எனக்கு அன்றுதான் உறைத்தது.

"நைனா, முள்ளு கரெக்டா தான் நின்னுச்சு" என்றேன். சொல்ல ஆரம்பித்தால் நிறுத்த முடியவில்லை. "அன்னிக்கி நான் ரேடியோவே போடல. ஃபோர்மேன் ஊட்ல டிவி பாக்கப் போயிட்டேன். எல்லாம் நானே எழுதினது."

திரையில் காது அப்படியே நின்றது. பட்டாபிராமில் ஏதோ ரயில் போகும் சத்தம் கேட்டது. திட்டட்டும், வைதுவிடட்டும் என்று காத்திருந்தேன்.

"அப்போ நான் கட்னது கரெக்டா?" என்றார்.

"கரெக்டு நைனா."

"கோட்டு மேலயே நின்னுச்சா?"

"கோட்டு மேலயேதான் நின்னுச்சு."

"டேய்!" என்று தம்பியைக் கூப்பிட்டார். "நான் கட்ன முள்ளு கரெக்டாம்டா!" அவர் குரலில் அப்படி ஒரு சந்தோஷம். எனக்கு அழுகை வந்துவிட்டது. அவர் போனைத் தம்பி கையில் கொடுத்துவிட்டு ரேடியோவைப் பரணிலிருந்து இறக்கச் சொல்லப் போய்விட்டார்.

கோபம் மறுநாள் வந்தது. அவராகவே கூப்பிட்டார். அவர் அப்படிக் கூப்பிடுகிறவர் இல்லை. "ரேடியோ போச்சு, போவுது. அந்த லெட்டரு கீதே! எனுக்கு வேல தெரியலன்னு என் கையெழுத்து போட்டு அவுங்க கைல குடுத்து வச்சிகீறியே. நாப்பது வருஷமா அங்க கெடக்குது. நீ அங்கதானே கீற? போய் சொல்லு. முள்ளு கரெக்டு, எம்மேல தப்பு இல்லன்னு சொல்லு" என்றார். சரி நைனா என்றேன். வேறு என்ன சொல்ல.

விசாரித்தேன். சிற்றலை ஒலிபரப்பை அவர்கள் நிறுத்திப் பல காலம் ஆகிவிட்டது. நேயர் கடிதங்கள் எங்கே போயின என்று யாருக்கும் தெரியவில்லை, உங்கள் தந்தைக்கு எங்கள் அன்பு என்று பதில் வந்தது. அலைகளை அனுப்பிய கோபுரங்கள் என் ஊரிலிருந்து பேருந்தில் போகும் தூரத்தில்தான் ஒரு காலத்தில் நின்றன என்பது மட்டும் தெரிய வந்தது. ஒரு சனிக்கிழமை கிளம்பிப் போனேன். எதற்குப் போகிறேன் என்று கேட்டால் எனக்குச் சொல்லத் தெரியாது. போய்ச் சொல்லு என்றார், போனேன்.

கோபுரம் ஒன்றும் இல்லை. ஆடு மேயும் புல்வெளியில் ஆளுயரக் கான்கிரீட் கட்டைகள் நாலைந்து மட்டும் நின்றன. தூரத்தில் கடுகு வயல் மாதிரி மஞ்சளாகப் பூத்த நிலம். காற்று. அங்கே நின்று என்ன செய்வது என்று தெரியாமல் நின்றேன். நாயோடு வந்த ஒரு பெரியவர், வழி தவறிவிட்டீர்களா என்று விசாரித்தார். என்னுடைய அரைகுறை ஸ்வீடிஷில், "இல்லை. மன்னிப்புக் கேட்க வந்தேன்" என்றேன். அவர் முகம் மலர்ந்து, "அதெல்லாம் தேவையே இல்லை. இங்கே யார் வேண்டுமானாலும் நடக்கலாம், அது எல்லாருக்கும் உள்ள உரிமை" என்றார். அவர் நிலத்தில் அனுமதி இல்லாமல் காலை வைத்ததற்குத்தான் மன்னிப்புக் கேட்கிறேன் என்று நினைத்துவிட்டார். விளக்கிச் சொல்ல என் மொழி போதாது. நன்றி என்றேன். நாய் என் கையை மோந்து பார்த்துவிட்டுப் போயிற்று.

அங்கேயே நின்று நைனாவைக் கூப்பிட்டேன். காது வந்தது. "போனியா? சொன்னியா?" என்றார்.

சொன்னேன் நைனா, அதெல்லாம் பரவாயில்லை என்று சொல்லிவிட்டார்கள். இந்த வாக்கியம் என் நாக்கு நுனி வரை வந்துவிட்டது. அதில் ஒரு வார்த்தைகூடப் பொய் இல்லை. மன்னிப்புக் கேட்டேன், தேவையில்லை என்றார். எண்பது வயதுக்கு மேல் ஆனவர், நிம்மதியாகத் தூங்குவார். யாருக்கும் நஷ்டமில்லை. பன்னிரண்டு வயதிலும் எனக்கு இப்படித்தான் தோன்றியது.

"இல்ல நைனா" என்றேன். "இங்க யாருமே இல்ல. ஸ்டேஷன் மூடி எவ்ளோ வருஷம் ஆயிடுச்சு. கோபுரம்கூட இல்ல. உன் லெட்டர் எங்க கீதுன்னு யாருக்கும் தெரியல. நாயோட ஒருத்தர் வந்தாரு, அவருக்கு நான் சொன்னது புரியல."

"இரு, இரு" என்றார் நைனா. காகிதம் புரளும் சத்தம் வந்தது. "நோட்டு எடுத்துகினேன். சொல்லு, இன்னா கேக்குது அங்க?"

"எதுக்கு நைனா?"

"சொல்லும்மா. நான் எழுதறேன்."

சொன்னேன். காத்து. ஆடு கத்துறது. தூரத்துல ஒரு டிராக்டர். மேல ஒரு குருவி, நிக்காம பாடிகினே கீது. நைனா ஒவ்வொன்றாகத் திருப்பிச் சொல்லிக்கொண்டே தமிழில் எழுதினார். டைம் என்ன என்றார். இங்கே பதினொன்று பத்து, அங்கே இரண்டு நாற்பது என்றேன். இரண்டையும் எழுதிக்கொண்டார். "சத்தம் அஞ்சுக்கு மூணு போடறேன். எனுக்கு காது கேக்கல, உம்மேல தப்பு இல்ல" என்றார். கேட்ட இடம் பட்டாபிராம் என்று தானே சொல்லிக்கொண்டு எழுதினார்.

"ஸ்டேஷன் பேரு?" என்று கேட்டுவிட்டுக் கொஞ்சம் யோசித்தார். "பேசறது நீதானே" என்றார். பேனா ஓடும் சத்தம் கேட்டது. எழுதி முடித்து, பள்ளிக்கூடப் பிள்ளை மாதிரி எழுத்துக்கூட்டிப் படித்துக் காட்டினார். "வசந்தி. ஸ்வீடன். கரெக்டா?"

என் பெயருக்குப் பக்கத்தில் அவர் இதுவரை ஆவடி என்றுதான் எழுதியிருக்கிறார். பள்ளிக்கூடத்தில் சேர்த்தபோதும், கல்யாணப் பத்திரிகையிலும் அதுதான். இல்லை நைனா, ஆவடின்னு போடு என்று சொல்ல வாய் துடித்தது. ஆனால் இந்த அறிக்கையில் பொய் இருக்கக் கூடாது.

"கரெக்டு நைனா" என்றேன்.